ஐந்து பேர், ஒரு மேசை, ஒரு சனிக்கிழமை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட கம்ப்யூட்டர் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம். ஒரு மேசை, கொஞ்சம் காகிதம், சில பகடைகள், மிச்சமெல்லாம் கற்பனை. ஒருவர் கதையை நடத்துவார் (டன்ஜன் மாஸ்டர் என்று பெயர்). மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, "கதவை உடைக்கிறேன்", "பூதத்திடம் பேசிப் பார்க்கிறேன்" என்பார்கள். நடந்ததா இல்லையா என்று 20 முகப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி, 1974-ல் வெளிவந்தது.

இதை ஆரம்பிப்பதில் கஷ்டம் விதிகளைப் படிப்பதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. 2014-ல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது அடிப்படை விதிகளை இலவசமாகவே கொடுத்தார்கள். உண்மையான வில்லன் காலண்டர்! ஒருவருக்குப் பரீட்சை, ஒருவருக்கு ஷிப்ட், ஒருவர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று இரண்டு முறை சொன்னால் போதும், குழு காலி. கலைந்துவிட்டது என்று யாரும் அறிவிப்பதுகூட இல்லை.

இன்னொரு சிக்கல், பாரம் முழுவதும் ஒரே தலையில் விழுவது. நாலு மணி நேர ஆட்டத்துக்கு வரைபடம், எதிரிகள், ஊர்ப் பெயர்கள் எல்லாம் மாஸ்டர்தான் தயார் செய்கிறார். புத்தகம் வாங்குவதும் அவர், எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பி நாள் குறிப்பதும் அவர். மற்றவர்கள் கையை வீசிக்கொண்டு வருகிறார்கள். லாபத்தில் ஐவருக்கும் சம பங்கு, முதல் போடுவது ஒருவர் மட்டும்... எந்தக் கூட்டு வியாபாரம் இப்படி நிலைக்கும்? நாள் குறிக்கும் வேலையையாவது வேறொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

போதாக்குறைக்கு 2015-ல் 'கிரிட்டிகல் ரோல்' நிகழ்ச்சி வந்தது. விளையாட்டைப் பலருக்குக் கொண்டு சேர்த்தது உண்மை. ஆனால் அதில் ஆடுபவர்கள் தொழில்முறைக் குரல் நடிகர்கள். அதைப் பார்த்துவிட்டு, முதல்முறை கதை நடத்தும் நண்பனிடம் அதே தரத்தை எதிர்பார்ப்பது அநியாயம்.

வேடிக்கை என்னவென்றால், 1974 பதிப்பு ஒரு நடுவருக்குச் சுமார் 20 ஆட்டக்காரர்கள் என்றுதான் கணக்குப் போட்டது. அத்தனை பேரும் ஒரே நாளில் வரவேண்டியதில்லை, வந்தவர்கள் ஆடுவார்கள். பிறகுதான் நாலைந்து பேர், ஒரே நீண்ட கதை என்ற வழக்கம் வேரூன்றியது. அதில் ஒருவர் வராவிட்டால் கதையே நின்றுவிடுகிறது. 2007-ல் பென் ராபின்ஸ் என்பவர் தன் 'வெஸ்ட் மார்ச்சஸ்' ஆட்டத்தைப் பற்றி எழுதினார். நிலையான குழு கிடையாது, நிலையான நாள் கிடையாது. பத்துப் பேருக்கு மேல் இருக்கும் கூட்டத்தில் யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர்களே சேர்ந்து நாளையும், போகவேண்டிய இடத்தையும் முடிவு செய்து மாஸ்டருக்குச் சொல்வார்கள். ஒவ்வொரு பயணமும் அன்றே ஊர் திரும்புவதோடு முடியும். இதுதான் சரியான வழி.

"அப்படியானால் பாத்திரங்கள் வளர்ந்து மாறும் பெரிய கதை போய்விடுமே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அது வேண்டும் என்பவர்கள் முடிவுள்ள கதையாக, ஐந்தாறு அமர்வில் முடிகிற மாதிரி வைத்துக்கொள்ளட்டும். மூன்று வருடக் காவியத்தைத் திட்டமிட்டு மூன்றாவது வாரமே நிறுத்துவதற்கு இது எவ்வளவோ மேல்.

எப்படி ஆடினாலும் ஒரு ஒப்பந்தம் முதல் நாளே வேண்டும்: ஐந்தில் மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு. வராதவரின் மந்திரவாதி அன்றைக்குக் குதிரைகளைப் பார்த்துக்கொள்வார்.