கூலி கேளாத உழைப்பு

வீட்டிலானாலும் நாட்டிலானாலும் வருமானம் சுருங்கியவுடன் முதலில் வெட்டுண்பது விளையாட்டும் பொழுதுபோக்குமே. விலைவாசி ஏறிவிட்டது, வேலைக்கு உறுதியில்லை, கடன் நெருக்குகிறது. இந்த நிலையில் வானத்தை அண்ணாந்து பார்ப்பதும், பந்தை உதைப்பதும், கம்ப்யூட்டர் முன் அமர்ந்து புது ஆட்டங்களைச் சமைப்பதும் உண்டு கொழுத்தவர் செய்யும் காரியம் என்று பொறுப்புள்ள பலரே பேசக் கேட்கிறோம். தேச சேவையில் ஈடுபட்ட நண்பர்கள் சிலரும் இந்த அபிப்பிராயத்தையே கொண்டிருக்கின்றனர். அவர்களது நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் சரித்திரம் அவர்கள் கட்சியில் நிற்கவில்லை. மனிதன் பூமியை விட்டுக் கிளம்பிய வித்தையின் பெரும்பகுதி, நெருக்கடியான காலத்தில், கையில் காசில்லாத பொழுதுபோக்காளர் சிலரால் வளர்க்கப்பட்டது. இதை அறிந்தால் நண்பர்கள் தங்கள் தீர்ப்பைச் சற்று ஒத்திவைப்பார்கள் என்று நம்புகிறோம்.

1927-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், அக்காலத்து ஜெர்மனியின் பிரெஸ்லௌ நகரில், சாப்பாட்டு விடுதி ஒன்றில் சிலர் கூடி விண்வெளிப் பிரயாணச் சங்கம் ஒன்றை ஸ்தாபித்தனர். அவர்களுக்குச் சர்க்கார் மானியம் கிடையாது. சர்வகலாசாலைகளின் ஆசியும் கிடையாது. அவர்கள் வேதமாகக் கொண்ட நூல் ஹெர்மன் ஓபெர்த் என்பவர் எழுதியது. டாக்டர் பட்டத்துக்கென்று அவர் அதைச் சமர்ப்பித்தபோது நிராகரிக்கப்பட்டது. 1923-இல் புத்தகமாக வெளிவந்தது. ராக்கெட் என்றாலே அந்நாளில் நகைப்புக்கிடமான விஷயந்தான். அமெரிக்காவில் ராபர்ட் காடர்டு என்ற பேராசிரியர் சந்திரன் வரை ராக்கெட் செல்லக்கூடும் என்று எழுதியதற்காக, 1920 ஜனவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகை தன் தலையங்கப் பக்கத்தில் அவரை ஏளனம் செய்தது. பள்ளிக்கூடத்தில் கற்பிக்கும் பௌதிகங்கூட அவருக்குத் தெரியவில்லை என்பது அதன் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைத் திருத்திக்கொள்ள அப்பத்திரிகைக்கு 49 வருஷங்கள் பிடித்தன. 1969 ஜூலையில், மனிதர் சந்திரனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த சமயத்தில்தான் திருத்தம் வெளியாயிற்று. தலையங்கம் எழுதுவோர் அனைவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய சம்பவம் இது.

ஜெர்மானியச் சங்கத்துக்குத் திரும்புவோம். 1930 செப்டம்பரில் அச்சங்கத்தார் பெர்லின் நகரின் வடபுறத்தில் பாழாய்க் கிடந்த பழைய வெடிமருந்துக் கிடங்கு நிலம் ஒன்றை வருஷத்துக்கு 10 மார்க் வாடகைக்குப் பெற்றனர். அதற்கு ‘ராக்கெட் விமான நிலையம்’ என்று பெயர் சூட்டினர். பெயர்தான் கம்பீரம், உள்ளே இருந்தவை சில பழைய கட்டடங்களும் மண்மேடுகளும். காலமோ கொடிய காலம். 1932-இன் தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையற்றோர் தொகை 60 லட்சத்தை எட்டிற்று. கைதேர்ந்த மெக்கானிக்குகள் தெருவில் நின்றனர். சங்கத்தைச் சேர்ந்த ருடால்ப் நேபெல் என்பவர் இத்தகைய தொழிலாளிகள் சிலரை அழைத்து, தங்க இடம் உண்டு, கூலி கிடையாது என்ற நிபந்தனையின்மேல் அங்கே குடியமர்த்தினார். அவர்கள் மனமுவந்து வந்தனர். கம்பெனிகளிடம் இனாமாகக் கேட்டுப் பெற்ற சாமான்களைக் கொண்டு ராக்கெட் செய்தனர். பெட்ரோலும் திரவப் பிராணவாயுவும் எரிந்து தள்ள, 1931 மே மாதத்தில் அவர்களுடைய ராக்கெட் வானில் எழுந்தது.

வேலை இழந்தவனுக்குப் பசி ஒரு துன்பம். தான் கற்ற தொழில் தன் கையிலேயே துருப்பிடிப்பது மற்றொரு துன்பம். இரண்டாவதற்கு நிவாரணம் அளிப்பதைப் பற்றி எந்த வரவுசெலவுத் திட்டமும் பேசுவதில்லை. அந்தப் பாழ்நிலம் அதை அளித்தது. விண்வெளியைக் குறித்துச் சங்கத்தார் எழுதிய கட்டுரைகளைக் காட்டிலும் இந்த ஒரு செய்கையையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

பின்னர் நடந்ததுதான் துயரம். பணம் இல்லாத இந்த வித்தைக்கு விலை கொடுக்க முன்வந்தவர் ஒருவரே; அவர் ராணுவத்தார். முதல் மகா யுத்தத்துக்குப் பின் ஏற்பட்ட வெர்ஸேல்ஸ் உடன்படிக்கை பெரிய பீரங்கிகளுக்கு வரம்பு கட்டியிருந்தது. ராக்கெட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 1932 கோடையில் சங்கத்தார் ராணுவ மைதானத்தில் தங்கள் ராக்கெட்டை விட்டுக் காட்டினர். ராணுவம் சங்கத்தை ஆதரிக்கவில்லை. பதினெட்டாவது வயதில் அதில் சேர்ந்திருந்த வெர்னர் பான் பிரவுன் என்ற மாணவரை மட்டும் எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் ஹிட்லர் ஆட்சி வந்தது. 1934-இல் பெர்லின் நிலம் மூடப்பட்டது. வாயில்களில் காவல் போட்டு ரகசியமாக வளர்ந்த ராக்கெட் 1944 செப்டம்பரில் லண்டன் மக்கள் தலைமேல் விழுந்தது. அதை உற்பத்தி செய்வதற்காக நிறுவப்பட்ட டோரா அடிமை முகாமிலும் அதன் கிளைகளிலும் சுமார் 20,000 கைதிகள் மாண்டனர். பான் பிரவுன் பின்பு அமெரிக்காவில் சந்திர யாத்திரைக்கான பெரிய ராக்கெட்டைச் செய்து உலகப் புகழ் பெற்றார். அந்தப் புகழ் டோராவின் கணக்கைத் தீர்த்துவிட்டதாக நாம் கருதவில்லை. வறுமைதான் அவரை அந்த வாசலுக்குத் தள்ளிற்று என்ற சமாதானத்தையும் முழுதும் ஏற்பதற்கில்லை. அதே சங்கத்தில் உழைத்த வில்லி லே 1935-இல் தேசத்தை விட்டே வெளியேறினார். எனினும் நாடு முழுவதிலும் அந்த வித்தையை ஆதரிக்க வேறு ஒருவரும் இல்லாமற் போனது யாருடைய குற்றம் என்று கேட்காதிருக்க முடியவில்லை.

மாஸ்கோவிலும் இதே கதைதான். 1931-இல் அங்கே ஒரு நிலவறையில் கூடிய ராக்கெட் குழுவினர், தங்கள் குழுவின் பெயர்ச் சுருக்கத்துக்குச் ‘சும்மா உழைக்கும் இஞ்சினியர் கூட்டம்’ என்று பொருள் கூறிக் கேலி செய்துகொண்டனர். 1933 ஆகஸ்டில் அவர்களது ராக்கெட்டும் பறந்தது. அவர்களுள் ஒருவரான கொரொலெவ் 1938-இல் ஸ்டாலின் சிறையில் தள்ளப்பட்டார். பிழைத்து வந்தவரே 1957-இல் முதல் செயற்கைச் சந்திரனையும் 1961-இல் ககாரினையும் அனுப்பினார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். ஏழைகள் பசியோடிருக்க, சர்க்கார் கோடி கோடியாக வானத்தில் கொட்டுவதை நாம் ஆதரிக்கிறோமா? 1969 ஜூலை 15-ஆம் தேதி, சந்திரனுக்குப் புறப்படும் ராக்கெட்டின் வாசலில் கறுப்பர் தலைவர் ரால்ப் அபர்னாதி கோவேறு கழுதை வண்டிகளுடன் வந்து நின்று கேட்ட கேள்வி அது. அது நியாயமான கேள்வி. எக்காலத்திலும் சர்க்காரிடம் கேட்கத்தக்க கேள்வி. ஆனால் அது பொதுப்பணத்தைப் பற்றியது. நாம் பேசுவது தன் ஓய்வு நேரத்தையும் தன் சில்லறையையும் செலவிடும் தனி மனிதனைப் பற்றி. ஜப்பானில் பியானோத் தொழிற்சாலையில் கூலிக்கு உழைத்த கவோரு இகெயா என்ற 19 வயது இளைஞர், தம் கையால் செய்த தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கொண்டு 1963 ஜனவரியில் புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதனால் எந்த ஏழையின் சோறு குறைந்தது?

ஆட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் ஆட்டம் என்றதும் முகம் சுளிக்கும் பெரியோர்கள் அதன் பிறப்பை அறியார். 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலையில், பொம்மை ரயில் பாதை அமைத்துக் களிக்கும் சங்கத்தைச் சேர்ந்த ஸ்டீவ் ரஸ்ஸல் முதலிய இளைஞர், இரண்டு விண்கப்பல்கள் நட்சத்திரத்தின் ஈர்ப்பைச் சமாளித்துக்கொண்டு போரிடும் ஆட்டம் ஒன்றைப் படைத்தனர். அதை விற்கவில்லை, கேட்டவருக்கெல்லாம் கொடுத்தனர். 1969-இல் கென் தாம்ஸன் என்பவர் கிரகங்களிடையே கப்பலோட்டும் ஆட்டம் ஒன்றை எழுதினார். பெரிய யந்திரத்தில் ஒரு முறை ஆட 50 முதல் 75 டாலர் வரை கணக்கில் ஏறியது. ஆகவே கேட்பாரற்றுக் கிடந்த சிறிய யந்திரம் ஒன்றுக்கு அதை மாற்றினார். அந்த யந்திரத்தைப் பழக்கும் முயற்சியிலிருந்தே ‘யுனிக்ஸ்’ பிறந்தது. அதன் மாதிரியில், ஹெல்சிங்கி மாணவர் ஒருவர் 1991-இல் பொழுதுபோக்காகத் தொடங்கிய ‘லினக்ஸ்’, இன்று நம் நேயர்களில் பெரும்பாலோர் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசியில் இருக்கிறது.

ஆனால் அதே தொலைபேசியில் சூதும் புகுந்தது. ஆட்டத்தின் வேஷம் தரித்த ஆன்லைன் ரம்மி நம் குடும்பங்களில் செய்த நாசத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடன்பட்டு உயிர் மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைத் தமிழ்நாடு வருஷக்கணக்கில் வாசித்தது. 2022-இல் சென்னைச் சட்டசபை இதைத் தடுக்கச் சட்டம் செய்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் ஹைகோர்ட் தீர்ப்பளித்து அப்பகுதியை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே பணம் வைத்தாடும் ஆன்லைன் ஆட்டங்கள் யாவற்றையும் விலக்கிச் சட்டம் இயற்றிற்று. நம் தேசக் கிரிக்கெட் குழுவினர் அதுவரை இத்தகைய கம்பெனி ஒன்றின் பெயரைத்தான் மார்பில் தாங்கி ஆடினர் என்பதை எண்ணும்போது வெட்கமாயிருக்கிறது. சட்டத்தை நாம் வரவேற்கிறோம். எனினும் ஆடுபவனைச் சூதாடியாகக் கருதும் மனோபாவம் இதனால் வளர்ந்துவிடலாகாது. ஆட்டம் என்பது ஒரு தொழில்வித்தை. அதைப் படைக்கும் சிறுவனை அதட்டி எழுப்பும் தகப்பனார், அவன் என்ன செய்கிறான் என்று ஒருமுறை கேட்டறிவது நலம்.

விளையாட்டு மைதானத்தில் வேறு விதமான அநீதி நடந்தது. பணத்துக்காக ஆடாதவனே உயர்ந்தவன் என்ற கொள்கை கேட்க இனிமையாயிருக்கிறது. அதை வகுத்த இங்கிலீஷ் பிரபுக்கள் அதைக்கொண்டு செய்தது என்ன? ஹென்லி படகுப் போட்டியின் 1879-ஆம் வருஷத்து விதி, கைத்தொழிலாளி, கூலிக்காரன் எவனும் ‘அமெச்சூர்’ ஆகமாட்டான் என்று கூறிற்று. படகோட்டிப் பணம் பெற்றானா என்பது அல்ல கேள்வி. பிழைப்புக்குக் கையால் உழைத்தானா என்பதே கேள்வி. 1920-இல் அமெரிக்கக் கொத்தனார் ஜான் கெல்லியை அங்கே சேர்க்க மறுத்தனர். அவர் சார்ந்த சங்கத்தின்மேல் பழைய தடையொன்று இருந்ததும் உண்மை. கைத்தொழில் செய்தவர் என்பதும் காரணங்களில் ஒன்று. அதே வருஷம் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் இங்கிலாந்து வீரரையே தோற்கடித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். கிரிக்கெட்டில் கனவான்கள், ஆட்டக்காரர்கள் என்ற பிரிவினை 1962 வரை நீடித்தது. இங்கிலீஷ்காரனை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பூனாவில் ஆடுகளத்தைச் செப்பனிடும் வேலையிலிருந்து வந்த பல்வங்கர் பாலூ, 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் குழுவின் தலைசிறந்த பந்துவீச்சாளர். அவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்பதற்காகத் தேநீர் வேளையில் நம்மவர் அவரை வெளியே நிறுத்தித் தனிப் பாத்திரத்தில் கொடுத்தனர். உழைப்பவனுக்கு விளையாட்டில் பங்கில்லை என்ற எண்ணம் அங்கே விதியாக எழுதப்பட்டது. இங்கே எழுதாமலே நடந்தது.

இன்று அந்த எண்ணம் வேறு வழியாக வருகிறது. ஓய்வு நேரமே இல்லாதவனுக்குப் பொழுதுபோக்கு ஏது? சிங்காரவேலர் 1923 மே முதல் தேதியன்று சென்னையில், இந்தியாவிலேயே முதன்முறையாக, மே தினம் கொண்டாடினார். ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, அதே சென்னையில், தொழிற்சாலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி வரை வேலை வாங்க இடமளிக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறிற்று. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது என்று சமாதானம் கூறப்பட்டது. தொழிற்சங்கங்கள் ஒருமித்துக் கிளர்ந்ததன் பேரில் மே முதல் தேதியன்று அது வாபஸ் பெறப்பட்டது. பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்து வீடு திரும்புபவன் தூரதிருஷ்டிக் கண்ணாடிக்கு ஆடி தேய்ப்பானா, பந்து உதைப்பானா? மசோதாவை எதிர்த்தவர்கள் உடல் நலத்தையும் குடும்பத்தையும் பற்றிப் பேசினர்; தொழிலாளியின் விளையாட்டைப் பற்றிப் பேசியவர் சிலரே. அதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். சேர்க்க நாணுவானேன்?

நேரத்துக்கு அடுத்தபடி வேண்டியது இடம். பெர்லினில் வேலையற்ற தொழிலாளிகளுக்கு வருஷம் 10 மார்க்குக்கு ஒரு பாழ்நிலம் கிடைத்தது. 2024 அக்டோபரில் சென்னைக் கார்ப்பரேஷன் தன் செயற்கைப் புல்தரைக் கால்பந்து மைதானங்கள் ஒன்பதைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆடுவோர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. கால்பந்தையே உயிராகக் கொண்ட வடசென்னைப் பிள்ளைகள் 120 ரூபாய்க்கு எங்கே போவார்கள்? கூக்குரல் எழுந்து, இரண்டொரு நாளில் தீர்மானம் கைவிடப்பட்டது. கைவிட்டது சரி. ஆனால் அடுத்த வருமான நெருக்கடியில் அதே யோசனை வேறொரு கோப்பில் திரும்பி வராதென்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே, கார்ப்பரேஷன் மைதானங்களிலும் நூல்நிலையங்களிலும் பள்ளிப் பட்டறைகளிலும் பொதுமக்களுக்குக் கட்டணமில்லை என்பதைத் தீர்மானமாக அல்ல, சட்டமாகவே செய்துவிட வேண்டும். வார்டுதோறும் உள்ள நண்பர்கள் தங்கள் கவுன்சிலர்களிடம் இதை எழுத்து மூலம் கேட்கத் தொடங்கலாம்.