எதற்குக் கேட்கிறார்கள்?



வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும்போது ஒரு படிவத்தை நீட்டுகிறார்கள். சர்க்கரை உண்டா, ஆபரேஷன் ஆனதுண்டா, மனநலத்துக்கு மாத்திரை சாப்பிட்டதுண்டா என்று வரிசையாகக் கட்டங்கள். ‘இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்கு வாய் வரும்? கிடைத்த வேலை கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

1989-ல் எல்.ஐ.சி.யில் உதவியாளர் வேலைக்குத் தேர்வான ஒரு பெண்ணும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக வந்த தேதி எது, எத்தனை முறை கருத்தரித்தீர்கள், கருச்சிதைவு ஆனதுண்டா என்றெல்லாம் அந்தப் படிவம் கேட்டது. பெண் மருத்துவர் ஒருவர் பரிசோதித்து, வேலைக்குத் தகுதியானவர் என்றும் சொல்லிவிட்டார். வேலையில் சேர்ந்த பிறகு அந்தப் பெண் பிரசவ விடுப்பில் போனார். 1990 ஜனவரியில் குழந்தை பிறந்தது. பிப்ரவரியில் வேலை போயிற்று. மாதவிலக்குத் தேதியைத் தவறாக எழுதினார் என்பது நிர்வாகத்தின் வாதம். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. அதோடு நிற்காமல், இப்படிப்பட்ட கேள்விகள் பெண்களைக் கூச வைப்பவை, தன்மானத்தைத் தொடுபவை, படிவத்திலிருந்தே எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னது. பதில் சரியா என்று பார்க்கும் முன், கேள்வி முறையா என்று பார்த்த தீர்ப்பு அது.

முப்பது ஆண்டு கழித்தும் பாடம் முழுதாக ஏறவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருப்பவர் ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்’, பிரசவமாகி நான்கு மாதத்துக்குள் வந்து சேரலாம் என்றது பாரத ஸ்டேட் வங்கியின் புது விதி. பலத்த எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2022 ஜனவரியில் அதை நிறுத்திவைத்தார்கள்.

மருத்துவப் பரிசோதனையே ஆகாது என்று சொல்ல வரவில்லை. ரயில் ஓட்டுபவருக்குச் சிக்னலின் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிந்தாக வேண்டும். ஆபத்தான ரசாயனங்களோடு வேலை செய்பவரை முதலிலும், பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்கத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-ல் வழி செய்தார்கள். அந்தப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையையும் தொழிலாளிக்கே கொடுத்தார்கள். இங்கெல்லாம் கேள்வி வேலையிலிருந்து பிறக்கிறது. நம் கணையமும் கருப்பையும் அலுவலகக் கணக்கு வேலைக்கு என்ன செய்யும்?

சட்டமும் சில கதவுகளை மூடி வைத்திருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது என்கிறது 2017-ல் வந்த சட்டம். மனநலச் சிகிச்சை விவரங்களை மருத்துவமனை ரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அரசுப் பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை வேலையைவிட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

ஆகவே, படிவம் வந்தால் பொய் எழுதாதீர்கள். பின்னால் அதையே காரணமாகக் காட்டுவார்கள். இந்த விவரம் என் வேலைக்கு எப்படித் தேவை, யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பீர்கள் என்று மின்னஞ்சலில் பணிவாகக் கேளுங்கள். முழு ரிப்போர்ட்டையும் கேட்டால், ‘இந்த வேலைக்குத் தகுதியானவர்’ என்ற மருத்துவர் சான்றிதழ் போதாதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

நம் வாசகர்களில் கடை முதலாளிகள் உண்டு, பள்ளி நிர்வாகிகள் உண்டு, ஹெச்.ஆர். அதிகாரிகளும் உண்டு. உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் நிறுவனத்தின் படிவத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். எதற்கு என்று உங்களாலேயே பதில் சொல்ல முடியாத கேள்விகளை, கோர்ட் சொல்லும்வரை காத்திராமல் நீங்களே அடித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்