தோமா தொட்ட இடம்

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான ஜெப வாரம். கத்தோலிக்கப் பங்குத்தந்தையும் சி.எஸ்.ஐ. ஆயரும் மெதடிஸ்ட் போதகரும் ஒரே மேடையில் அமர்வார்கள்; ஒருவர் ஜெபிக்க மற்றவர் ஆமென் சொல்வார். நம் தாத்தா பாட்டி காலத்தில் இது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். அடுத்த சபைக் கோவிலுக்குள் கால் வைத்தாலே பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டியிருந்த தலைமுறை அது. ஆகவே இந்த வாரத்தை நாங்கள் மதிக்கிறோம். இந்தத் தலையங்கம் அதைக் குறை சொல்ல எழுதப்படவில்லை. அதற்கு ஒரு வேலை கொடுக்க எழுதப்படுகிறது.

ஒன்றிப்பைப் பற்றிப் பேச எழுகிறவர்கள் பெரும்பாலும் யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்துக்குப் போவார்கள். உயிர்த்தெழுந்த நாளின் மாலை. சீடர்கள் பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். இயேசு நடுவில் வந்து நிற்கிறார், சமாதானம் சொல்கிறார், அவர்கள்மேல் ஊதி ஆவியைத் தருகிறார். ஆதாமின் நாசியில் ஊதப்பட்ட சுவாசம், எசேக்கியேல் கண்ட பள்ளத்தாக்கில் உலர்ந்த எலும்புகளை எழுப்பி நிறுத்திய காற்று, இரண்டும் இந்த இடத்தில் வந்து சேர்கின்றன. ஒரே மூச்சிலிருந்து பிறந்தவர்கள் பிரிந்திருக்கலாமா என்று பிரசங்கம் முடியும். நல்ல பிரசங்கம்தான். ஆனால் அந்த அதிகாரத்தில் இரண்டு விஷயங்கள் வழக்கமாகக் கண்ணில் படாமல் போகின்றன.

ஒன்று, வரிசை. ஊதுவதற்கு முன்னால் அவர் கைகளையும் விலாவையும் காட்டுகிறார். காயத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு வருகிறது. மற்றொன்று, தோமா. அவர் அன்று அந்த அறையில் இல்லை. எல்லோருக்கும் கிடைத்த மூச்சு அவருக்குக் கிடைக்கவில்லை. எட்டு நாள் கழித்து அவர் இருக்கும்போது இயேசு மறுபடி வருகிறார். அப்போது மறுபடி ஊதினார் என்று நற்செய்தி சொல்லவில்லை. விரலை இங்கே நீட்டு, கையை விலாவில் இடு என்று அழைக்கிறார். மற்றவர்களோடு தோமா ஒன்றானது காயத்தின் வழியாக.

அந்தத் தோமாதான் நம்முடையவர் என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் எல்லாச் சபைகளிலும் நம்பி வருகிறோம். சின்னமலை, பரங்கிமலை, மயிலாப்பூரில் சாந்தோம். அவர் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற நாம் ஒன்றிப்பை மேடையில் தேடுவதைக் காட்டிலும் காயம் இருக்கும் இடத்தில் தேடுவது பொருத்தம். எங்கள் ஊரான கோலார் தங்கவயலில் அந்தக் காயம் எங்கே என்று ஊர்க்காரர் யாருக்கும் வழிகாட்ட வேண்டியதில்லை. அது நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கிறது.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தபிறகு வடாற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். பண்ணையாரின் களத்திலிருந்து தப்பித்து வந்தவர்களுக்குக் கம்பெனி லைன் வீட்டைக் கொடுத்தது, கேஜில் ஏற்றிக் கீழே அனுப்பியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மனிதன் அங்கே நிற்கவேண்டுமானால் மேலிருந்து காற்று அனுப்பப்பட வேண்டும். ஒரு சேட்டு (சுரங்கத்தின் செங்குத்துக் குழி) வழியாக நல்ல காற்று இறங்கும்; வேறொரு சேட்டு வழியாகக் கெட்ட காற்று இழுத்து வெளியே தள்ளப்படும். கீழே இருந்த ஒவ்வொருவரும் மூச்சு விட்டது அந்தக் காற்றில்தான். முன்னால் நிற்பவர் வெளிவிட்டதைப் பின்னால் நிற்பவர் உள்ளிழுத்தார். ஒருவர் கழுத்தில் ஜெபமாலை, ஒருவர் சி.எஸ்.ஐ., ஒருவர் மெதடிஸ்ட், ஒருவர் நெற்றியில் திருநீறு. தங்கவயலின் மாரிக்குப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. பஞ்சசீலம் ஏற்றவரும் அதே கேஜில் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை வெவ்வேறு மணியோசைக்குப் பிரிந்து போனவர்களைத் திங்கட்கிழமை ஷிப்டுச் சங்கு ஒரே காற்றுக்குள் அழைத்தது.

அந்தக் காற்றில் என்ன இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். தங்கம் இருந்தது வெள்ளைக் கல்லில், குவார்ட்ஸ் பாறையில். அதைத் துளைக்கும்போதும் வெடிவைக்கும்போதும் கிளம்புகிற சிலிக்காத் தூளில் கண்ணுக்குத் தெரிகிற பகுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், இருமினால் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத மென்தூள்தான் நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய்த் தங்குகிறது. உடம்பு அதைக் கரைக்கத் தெரியாமல் அதைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. தழும்பு சேரச் சேர, விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் விறைத்துப் போகிறது. அதுதான் சிலிக்கோசிஸ். ஆள் வேலையில் இருக்கும்போது பல நேரம் ஒன்றும் தெரியாது. ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, கடைத்தெருவுக்குப் போகிற வழியில் பாதியில் நின்று விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொள்கிறபோதுதான் தெரியும். இந்தியாவில் இந்த நோய் முறையாக ஆராய்ந்து எழுதப்பட்டதே நம் ஊரில்தான். 1947இல் வெளிவந்த அந்த ஆய்வில் ஏழாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் நோய் இருந்தது. தண்ணீர் பாய்ச்சித் துளையிடுவது, காற்றோட்டத்தைப் பெருக்குவது என்று தூசியைக் குறைக்கும் வழிகளும் வந்தன. அதற்கு முன் உள்ளே போன தூசியை யாரும் வெளியே எடுக்க முடியாது.

அதே 1947, செப்டம்பர் 27. சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது. ஆங்கிலிக்கன், பிரிட்டிஷ் வழி மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் ஒன்றாயின. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடி வேதநாயகம் அசரியா முதலானவர்கள் வெளியிட்ட அறிக்கைக்கு 28 ஆண்டு கழித்துக் கிடைத்த பலன்; அசரியா அதைப் பார்க்காமலே 1945இல் கண்மூடிவிட்டார். பிஷப் உள்ள சபையும் இல்லாத சபையும் ஒன்றாவதை அதற்குமுன் உலகம் கண்டதில்லை. தமிழர்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். லூத்தரன்கள் சேரவில்லை, அமெரிக்க வழி மெதடிஸ்டுகள் சேரவில்லை, ரோமை அன்று பேச்சிலேயே இல்லை. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஒன்றிப்பு ஆணை வரும்வரை அந்தக் கதவு திறக்கவில்லை. இவ்வளவும் சபை வரலாறு. ஒரே ஆண்டில் நடந்த இந்த இரண்டு காரியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பிரசங்கம் இந்த ஊரில் நாங்கள் இன்னும் கேட்கவில்லை. சபைகள் ஒன்றான ஆண்டும், எந்தச் சபைக்காரர் என்று பாராமல் அத்தனை பேர் நெஞ்சிலும் ஒரே தூசி இருக்கிறது என்று தெரியவந்த ஆண்டும் ஒன்றே.

தொழிலாளர்கள் இதைச் சபைகளுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தபோது யார் எந்தக் கோவில் என்று யாரும் கேட்கவில்லை. 1946 நவம்பர் 4 துப்பாக்கிச்சூட்டில் விழுந்த தொழிலாளர்களுக்காக ஊர் முழுவதும் அழுதது. சபைகள் தனித்தனியாக நல்லது செய்தன. பள்ளிக்கூடம் கட்டின, மருந்து கொடுத்தன, அந்தக் கடனை இந்த ஊர் மறக்காது. சேர்ந்து செய்தது எது என்று தேடினால் சாவு வீடு ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது.

சாவு வீட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். லைன் வீட்டு வாசலில் சாமியானா, நாலு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி. இறந்தவர் சி.எஸ்.ஐ. என்றால் மருமகள் கத்தோலிக்கம், மூத்தவன் இப்போது பெந்தெகொஸ்தே. பாஸ்டர் ஒரு பக்கம் ஜெபிப்பார், பங்கின் பெண்கள் ஒரு பக்கம் ஜெபமாலை சொல்வார்கள், இரண்டும் இடித்துக்கொள்ளும். யாராவது ஒரு வயதான அம்மா வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றை எடுத்துவிடுவார். அது எல்லோருக்கும் தெரியும். கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர் சேர்ந்து பாடுவார். அவருக்கு ஓர் அடியை முழுதாகப் பாட மூச்சு வராது. பாதியில் நிறுத்தி வாயைத் திறந்து காற்றை இழுப்பார். பக்கத்தில் இருப்பவர் விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பாடுவார். அடுத்த அடிக்கு அவர் மறுபடி சேர்ந்துகொள்வார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, இந்த ஊரில் அது பாடும் முறையாகவே ஆகிவிட்டது.

அந்தக் கீர்த்தனையின் பின்னால் ஒரு கசப்பான உண்மையும் இருக்கிறது. தஞ்சை சாஸ்திரியார் (1774–1864) கோவிலுக்குள் சாதிப்படி பிரித்து உட்காருவதற்காக மிஷனரிகளோடு மல்லுக்கு நின்றவர். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து அடியோடு நீக்கச் சொன்னபோது தஞ்சையில் பலர் ஒரே கிண்ணத்தில் திருவிருந்து எடுக்க மறுத்துச் சபையையே விட்டுப் போனார்கள். அப்படி இருக்க, அவர் கட்டிய பாட்டை, அவர் தம் பக்கத்தில் உட்கார விட்டிருக்கமாட்டாத மக்கள் தங்களவர் பிணத்தின் முன்னால் தங்கள் அடிபட்ட நுரையீரலால் பாடுகிறார்கள். பாட்டை அவரிடமிருந்து மீட்டெடுத்துவிட்டார்கள் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். கல்லறைத் தோட்டத்தில் இன்றும் சாதிக்கொரு மூலை வைத்திருக்கிற தமிழ்நாட்டுப் பங்குகள் ஒன்றிப்பு வாரத்தில் இதை யோசிக்கவேண்டும். பக்கத்து வரிசைக்காரர் விட்ட மூச்சை இழுக்கச் சம்மதம் இல்லாதவருக்கு ஒரே ஆவியைப் பற்றிப் பேச என்ன தகுதி?

2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. தூசி மூடப்படவில்லை. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், 13 சயனைடு மேடுகளாக, சுமார் 3.3 கோடி டன் அளவுக்கு ஊரைச் சுற்றி நிற்கிறது. ஆடிக்காற்று எழும்பினால் அது வீட்டுக்குள் வரும், அரிசிப் பானை மேல் படியும், பிள்ளைகள் மூக்கில் ஏறும். சுரங்கத்துக்குள் காலே வைக்காத தலைமுறையும் அதே தூளைச் சுவாசிக்கிறது. 2021 கொரோனா அலையில் நாடெங்கும் மக்கள் மூச்சுக்காகத் தவித்தபோது, இருபது ஆண்டாகப் பூட்டிக் கிடந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவன (பி.ஜி.எம்.எல்.) மருத்துவமனையைத் தன்னார்வலர்கள் திறந்து, ஒட்டடை அடித்து, கட்டில் போட்டுக் கோவிட் மருத்துவமனை ஆக்கினார்கள். சுரங்கக்காரர்களின் நெஞ்சு இருமி இருமி ஓய்ந்த அதே கட்டடம். மதம் பார்த்தா அங்கே ஆள் சேர்ந்தது?

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. ஒவ்வொரு சபையின் பீரோவிலும் அடக்கப் பதிவேடு இருக்கிறது. பழைய பதிவேடுகளில் பெயர், வயது, தொழில், இறந்த காரணம், அடக்கம் செய்தவர் கையொப்பம் என்று பத்திகள் உண்டு. இந்த ஊரில் மூச்சுத் திணறிச் செத்தவர்களின் கணக்கு, தனித்தனிக் கட்டுகளாக, ஒன்றையொன்று பாராமல் அங்கே கிடக்கிறது. காசம் என்று எழுதப்பட்டதில் எத்தனை சிலிக்கோசிஸ், ஐம்பது வயதுக்குள் போன சுரங்கக்காரர் எத்தனை பேர், எந்தச் சுரங்கம், எந்த லைன் என்பதெல்லாம் ஒரு பதிவேட்டைப் பார்த்தால் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் தெரியும். மேடுகளில் மிச்சத் தங்கம் எடுப்பதற்கு ஏலம் விடும் பேச்சு சில ஆண்டுகளாக இருந்து வருகிறது. அந்த மண்ணைக் கிளறினால் எழும் தூசிக்கு யார் பொறுப்பு, உயிரோடு இருக்கும் பழைய தொழிலாளர்களுக்கு எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் யார் செலவில் என்று கேட்கும்போது அரசு ஆதாரம் கேட்கும். அந்த ஆதாரம் நம் பீரோக்களில் இருக்கிறது.

ஜெப வாரத்தின் எட்டு மாலைகளில் ஒன்றை இதற்கு ஒதுக்கவேண்டும். பங்குத்தந்தையும் ஆயரும் போதகரும் அவரவர் பதிவேட்டோடு ஒரு மேசைக்கு வரட்டும். பெந்தெகொஸ்தே சபைகளில் பழைய பதிவேடு இல்லையென்றால் மூத்தவர்களின் நினைவிலிருந்து எழுதலாம். கோவில், மசூதி, விகாரையைச் சேர்ந்த குடும்பங்களையும் அதே மேசைக்கு அழைக்கவேண்டும். தூசி அவர்களை விலக்கவில்லை. படி எடுக்கும்போது பெயர்களை மறைத்துவிட்டு வயது, தொழில், காரணம், ஆண்டு ஆகியவற்றை மட்டும் குறித்தால் போதும், குடும்பங்களுக்குச் சங்கடம் வராது. லத்தீனில் எழுதப்பட்ட பழைய கத்தோலிக்கப் பதிவுகளைப் படிக்கத் தெரிந்த முதிய குருக்கள் பெங்களூரு உயர்மறைமாவட்டத்தில் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். படியெடுக்க ஆள், தாள், கணினி மூன்றுக்கும் இந்த இதழ் பொறுப்பு. முதல் பதிவேடு எந்தச் சபையிலிருந்து வந்தாலும் அன்றைக்கே தொடங்கிவிடலாம்.