சிறியது என்றால் தூரமா?

தேசிய சேவை முடித்த அப்பாவும் மகனும் ஒரே வீட்டில் இருந்தால், பேச்சு எப்படியும் துப்பாக்கிப் பக்கம் வந்துவிடும். மகன் பிடித்தது எஸ்ஏஆர் 21. காட்சியை 1.5 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி அதிலேயே இருக்கும். அப்பா பிடித்தது எம்16. கண்ணருகே ஒரு சிறு துளை, குழல் நுனியில் ஓர் இரும்பு முள். அவ்வளவுதான்!

குறிபார்க்க மட்டுமல்ல, தூரம் கணிக்கவும் அந்த முள் உதவும். அதன் அகலம் சுமார் 1.8 மில்லிமீட்டர். கண்ணிலிருந்து சுமார் 70 சென்டிமீட்டரில் இருக்கும். அதாவது, அகலத்தைப்போல ஏறக்குறைய 390 மடங்கு. தோள் அகலம் 45 சென்டிமீட்டர் உள்ள ஒருவர் முள்ளுக்குள் சரியாக அடங்கினால், அவர் ஏறத்தாழ 175 மீட்டரில் நிற்கிறார். முள்ளில் பாதி அகலம்தான் தெரிகிறதா? 350 மீட்டர்.

நமக்குத் துப்பாக்கி வேண்டாம், கட்டைவிரல் போதும். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடுங்கள். விரல் அகலம் 2 சென்டிமீட்டர், கண்ணிலிருந்து தூரம் 60 என்றால் 30 மடங்கு. புக்கிட் பாத்தோக் எம்ஆர்டி பக்கம் குறுக்கே போகும் 12 மீட்டர் நீளப் பேருந்து விரல் அகலத்துக்குள் சரியாக அடங்கினால், அது சுமார் 360 மீட்டரில் போகிறது. பிள்ளைகளுடன் விளையாடிப் பாருங்கள், கணக்குப் பாடமும் ஆயிற்று.

ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. எதிரே இருப்பதன் உண்மையான அளவு தெரிந்திருக்க வேண்டும். சிறுவனைப் பெரியவர் என்று நினைத்துவிட்டால், 100 மீட்டரில் நிற்பவனைக் கணக்கு இன்னும் தள்ளி நிறுத்திவிடும். புகைமூட்டமும் அப்படித்தான். மங்கலாகத் தெரிவதெல்லாம் தொலைவில் இருப்பதாகத் தோன்றும்.

குறிபார்க்கும் திடலில் அதைத் திருத்திக்கொள்ளலாம். சாலையில்? லாரியும் மோட்டார்சைக்கிளும் ஒரே தூரத்திலிருந்து ஒரே வேகத்தில் வந்தாலும், சிறியது வந்துசேர இன்னும் நேரம் இருக்கிறது என்றே மனம் நம்பும். வலப்பக்கம் திரும்பும் ஓட்டுநர் அந்த நம்பிக்கையில்தான் காரை நகர்த்துகிறார். எதிரே வருவது, வேலை முடிந்து வீடு திரும்பும் யாரோ ஒருவரின் அண்ணனாக இருக்கலாம்.

சாலை கடக்கும்போதும் அதே கதைதான். அங்கே விரலை நீட்டிக் கணக்குப் போட நேரமில்லை. சிறிதாகத் தெரிந்தால், தூரம் என்று எண்ணாதீர்கள். அது கடந்து போகட்டும். இரண்டு மூன்று விநாடிகள்தானே!