பொறியியற் கல்வியும் தன்னாராய்ச்சியும்

சேலத்தில் அரசினர் பொறியியற் கல்லூரி தோன்றியது 1966-இல். அதன்பின் சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் இத்தகைய கல்லூரிகள் பல்கிவிட்டன. கட்டடங்களுக்குக் குறைவில்லை, கற்றதைத் திரும்பச் சிந்திக்கும் வழக்கத்திற்கே பஞ்சம். முந்தின வருஷத்து மாணாக்கனின் சோதனைக் குறிப்பேட்டைப் பார்த்தெழுதிக் கையொப்பம் பெறுவதைக் கல்வியென்று சொல்லலாகுமா?

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையைப் பாருங்கள். பற்றவைப்பு விட்டுப்போனால், எதனால் விட்டதென்று மேஸ்திரி கேட்பார். பையன் விடை சொல்லியாக வேண்டும். அக்கேள்வி கல்லூரியில் எழுவது அரிது. இந்தியா 2014-இல் வாஷிங்டன் ஒப்பந்தத்தின் முழு அங்கத்தினராயிற்று. ஆயுள் முழுதும் தானே கற்குந் திறன் பட்டதாரிக்கு வேண்டுமென்பது அவ்வொப்பந்தத்தின் எதிர்பார்ப்புகளுள் ஒன்று.

இதற்குப் பெருஞ் செலவு வேண்டாம். வகுப்பு முடிவில் ஐந்து நிமிஷம் போதும். விளங்கியதென்ன, விளங்காததென்ன, சோதனையில் பிழைத்தது எங்கே என்று மாணாக்கர் எழுதட்டும், தமிழிலாயினும் குற்றமில்லை. ஆசிரியர் அதைப் படித்து, மறுநாட் பாடத்தை அவ்விடத்திலிருந்தே தொடங்குவாராக. மதிப்பெண் மட்டும் வைக்கலாகாது. வைத்தால் அதையும் பார்த்தெழுதுவர்.

பாடத்திட்டம் முடியாதென்பர் சிலர். மாணாக்கனுக்கு விளங்காத பாடம் யாருக்காக முடிந்தது? சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல் தன்னறிவைத் தானே விசாரிப்பவனே கற்றவன். அப்பழக்கத்தை ஊட்டாத கல்லூரி பட்டம் அளிக்கலாம். பொறியாளரை அளிக்க மாட்டாது.