பத்திரிகை வாசி என்றால் மட்டும் போதுமா?

“பத்திரிகை வாசியுங்கள், பொது அறிவு வளரும்.” எங்கள் பாடசாலைகளின் பரிசளிப்பு விழாக்களுக்குப் பிரதம விருந்தினராக வருபவர்கள் தவறாமல் உதிர்க்கும் பொன்மொழி இது. பத்திரிகைக் காரியாலயங்களிலேயே காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் இதைக் கேட்டு நான் மகிழவேண்டும். ஆனால் மகிழ்ச்சி வருவதில்லை. தாகமெடுத்த பிள்ளைக்குக் கிணற்றைக் காட்டுபவர், அது இறைத்துத் துப்புரவாக்கிய கிணறா, பாசி படிந்து கிடப்பதா என்பதையும் சொல்லவேண்டும் அல்லவா? எப்படி வாசிப்பது என்று கற்பிக்காமல் வாசி என்று மட்டும் சொல்வது பத்திரிகை முதலாளிக்கு வாடிக்கையாளரைச் சேர்த்துக் கொடுக்கும் வேலை. அது கல்வி ஆகாது.

இலங்கையின் பாடசாலைக் கல்வியில் ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ என்றொரு பாடம் உண்டு என்று சிலர் நினைவூட்டக்கூடும். உண்டுதான். விரும்பியவர் தெரிவு செய்யும் பாடம் அது. விஞ்ஞானமும் கணிதமும் வர்த்தகமும் படிக்கச் செல்லும் பிள்ளைகளுக்குப் பத்திரிகையைப் பகுத்து வாசிக்கும் ஆற்றல் வேண்டாமா? அவர்களும் நாளைக்கு வாக்களிக்கத்தான் போகிறார்கள். வதந்தியை நம்பி வீதிக்கு இறங்கவும் கூடும்.

‘உண்மையும் கருத்தும்’ என்ற பயிற்சி சில வகுப்புகளில் நடப்பதை நான் அறிவேன். கரும்பலகையில் இரண்டு நிரல்கள். ‘யாழ்ப்பாணம் வட மாகாணத்தில் உள்ளது’ என்பது உண்மை. ‘கறுத்தக்கொழும்பானை வெல்ல உலகில் வேறு மாம்பழம் இல்லை’ என்பது கருத்து. (யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளிற் சிலர் இரண்டாவதையும் முதலாவது நிரலில் எழுதிவிடுவார்கள், அது வேறு கதை.) ‘சிறந்த’, ‘மோசமான’, ‘நான் நினைக்கிறேன்’ போன்ற சொற்கள் வந்தால் கருத்து, எண்ணும் இடமும் திகதியும் வந்தால் உண்மை. இவ்வளவையும் மனனஞ் செய்தால் புள்ளி கிடைத்துவிடும்.

இந்தப் பயிற்சி போதாது என்பதல்ல என் வாதம். இது ஆபத்தானது என்கிறேன். பொய் எப்போதும் கருத்தின் வேடத்திலேயே வரும் என்று இது பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது. எங்கள் நாட்டில் மனிதரைச் சிறையில் அடைத்த பொய் உண்மையின் வேடத்தில் அல்லவா வந்தது?

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் நடந்து ஒரு மாதம் கழிந்திருந்த வேளை. மே 23ஆம் திகதி சிங்கள நாளிதழான ‘திவயின’ தன் முன்பக்கத்தில் ஒரு செய்தியை வெளியிட்டது. முஸ்லிம் மருத்துவர் ஒருவர் சிங்கள பௌத்தப் பெண்கள் 4,000 பேருக்கு, சத்திர சிகிச்சை மூலம் மகப்பேறு நிகழ்ந்த வேளையில், அவர்கள் அறியாமலேயே கருத்தடை செய்துவிட்டார் என்பது அதன் சாரம். மருத்துவரின் பெயர் அதில் இல்லை. தடை செய்யப்பட்ட தீவிரவாத அமைப்போடு அவருக்குத் தொடர்பு உண்டு என்பது மட்டும் இருந்தது. குருநாகல் போதனா வைத்தியசாலையின் மருத்துவர் ஒருவர் மறுநாள் இரவு கைதானார். இரண்டு மாதம் தடுப்பிலும் விளக்கமறியலிலும் இருந்தபின் ஜூலை 25ஆம் திகதி பிணையில் வெளிவந்தார். குற்றச்சாட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அதற்கு முன்பே நீதிமன்றத்துக்கு அறிவித்திருந்தது. பின்னர் அவர் மீண்டும் சேவையில் அமர்த்தப்பட்டார். பொருளாதார நெருக்கடியில் நாடு மருந்தின்றித் தவித்த 2022ஆம் ஆண்டு தமக்குக் கிடைத்த சம்பள நிலுவையை மருந்து வாங்குவதற்கே அவர் வழங்கினார் என்பதையும் இங்கு பதிவு செய்யத்தான் வேண்டும்.

அச்செய்தியின் சாரத்தை எங்கள் இரு நிரல் பயிற்சியிடம் கொடுத்துப் பாருங்கள். எண் இருக்கிறது. தொழில் இருக்கிறது. செயலும் இருக்கிறது. ‘சிறந்த’, ‘மோசமான’ என்ற அடைமொழி ஒன்றுமில்லை. ‘நினைக்கிறேன்’ என்று எவரும் சொல்லவில்லை. வகுப்பில் முதலாம் பிள்ளையாக வரும் மாணவி அதனை எந்த ஐயமுமின்றி ‘உண்மை’ நிரலில் எழுதுவாள். ஆசிரியரும் சரி போடுவார்.

அம்மாணவி கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. நாலாயிரம் என்று எண்ணியவர் யார்? எந்தப் பதிவேட்டைப் பார்த்து எண்ணினார்? முறையிட்ட பெண்கள் எத்தனை பேர், அவர்களைப் பரிசோதித்த மருத்துவர் யார்? சத்திர சிகிச்சைக் கூடத்தில் ஒரு மருத்துவர் தனியாகவா நிற்கிறார்? உதவி மருத்துவரும் தாதியரும் மயக்க மருந்து கொடுப்பவரும் சூழ நிற்க, இத்தனை ஆயிரம் தடவை எவர் கண்ணிலும் படாமல் இது நடக்குமா? குற்றஞ் சாட்டப்பட்டவரிடம் நிருபர் ஒரு வார்த்தை கேட்டாரா? பதினைந்து வயதுப் பிள்ளையால் கேட்கக்கூடிய கேள்விகளே இவை. பட்டம் எதுவும் வேண்டியதில்லை. கேட்கலாம் என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால் போதும்.

அதற்கு முந்திய ஆண்டு, 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் சாப்பாட்டில் மலடாக்கும் மாத்திரை கலந்திருப்பதாகக் கதை கிளம்பிப் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பகுப்பாய்வில் அகப்பட்டது மாவுக் கட்டி. ஒரே பொய் ஓராண்டு இடைவெளியில் உணவகத்திலிருந்து வைத்தியசாலைக்கு இடம் மாறி வந்தபோதும் அதனை அடையாளங் காண எங்கள் கல்வி எவருக்கும் கற்றுத் தந்திருக்கவில்லை.

ஆகவே நிரலின் தலைப்பை மாற்றுங்கள் என்கிறேன். ‘உண்மை’ என்று எழுதாதீர்கள். ‘சரிபார்க்கத்தக்க கூற்று’ என்று எழுதுங்கள். அதன் பக்கத்தில் இன்னொரு நிரல் வரைந்து, ‘யார் சரிபார்த்தார்?’ என்று கேளுங்கள். சரிபார்க்கத்தக்கதாக இருப்பது வேறு, சரிபார்க்கப்பட்டிருப்பது வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் வாழ்நாள் முழுவதும் பத்திரிகை வாசிக்கும் முதியவர்கள் எங்களிடையே ஏராளம்.

கருத்தைக் கண்டு பிள்ளைகள் அஞ்சவும் வேண்டியதில்லை. ஆசிரிய தலையங்கம் தன்னைத் தலையங்கம் என்று சொல்லிக்கொண்டே வருகிறது. பத்தி எழுத்தாளர் தன் பெயரைப் போட்டு எழுதுகிறார். கருத்துக்குச் சுதந்திரம் உண்டு, தகவலோ புனிதமானது என்னும் பொருள்பட ‘மான்செஸ்டர் கார்டியன்’ ஆசிரியர் சி. பி. ஸ்கொட் 1921இல் எழுதியதை இதழியல் படிப்பவர்கள் எல்லாரும் ஒப்புவிக்கிறார்கள். புனிதமான பொருளுக்குத்தான் போலி மலிந்திருக்கும் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

சிங்களப் பத்திரிகையை மட்டும் குற்றங்கூறிவிட்டு நான் தப்பித்துக் கொள்வதாகத் தமிழ் வாசகர்கள் திருப்தியடைய வேண்டாம். எங்கள் வீட்டு முற்றத்துக்கும் வருவோம்.

தமிழ்ப் பத்திரிகைகளின் மரணச் செய்திகளைப் பாருங்கள். இளம்பெண் ஒருத்தி கிணற்றில் சடலமாக மீட்கப்படுகிறாள். செய்தியின் கடைசி வரி, ‘காதல் விவகாரமே காரணம் எனக் கூறப்படுகிறது’. கூறியவர் யார்? பொலிஸாரா, தாயாரா, அல்லது சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த எவரோ ஒருவரா? செய்வினை, செயப்பாட்டுவினை என்று தமிழ்ப் பாடத்தில் இலக்கணம் கற்பிக்கிறோம். ‘கூறப்படுகிறது’ என்பதில் எழுவாய் எங்கே போயிற்று என்று இதே செய்தியை வைத்துக் கேட்டால், இலக்கணமும் விளங்கும், இதழியலும் விளங்கும். கிராமத்துக் கிழவி தான் காணாததைச் சொல்லும்போது ‘வந்தானாம், போனானாம்’ என்று ஓர் ‘ஆம்’ போட்டுப் பொறுப்பை விலக்கிக் கொள்வாள். கேட்பவருக்கும் அது கேள்விச் செய்தி என்பது விளங்கிவிடும். எங்கள் செய்தி நடையோ அந்த ‘ஆம்’ என்பதற்குக் காற்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிவித்து ‘அறியவருகிறது’, ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ என்று உலாவ விட்டிருக்கிறது. அந்த ஒற்றை வரியால், இறந்த பெண்ணின் வீட்டில் வாழ்க்கைப்படக் காத்திருக்கும் தங்கைக்கு என்ன நேரும் என்பதைச் செய்தி எழுதியவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

உணர்ச்சியும் அரசியலும் கலந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 2023 பெப்ரவரி 13ஆம் திகதி தஞ்சாவூரில் பழ. நெடுமாறன், விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் நலமாக உயிருடன் இருக்கிறார் என்று அறிவித்தார். சான்று எதனையும் அன்று அவர் முன்வைக்கவில்லை. இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு அக்கூற்றை மறுத்தது. வகுப்பறைக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. ‘நெடுமாறன் இவ்வாறு அறிவித்தார்’ என்பது உண்மை. ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் உண்டு. ‘பிரபாகரன் உயிருடன் இருக்கிறார்’ என்பது அவருடைய கூற்று, சரிபார்க்கப்படாதது. தலைப்பிலிருந்து ‘நெடுமாறன்’ என்ற பெயரை எடுத்துவிட்டு ஈற்றில் ஓர் ஆச்சரியக்குறியை இட்டால் கூற்று உண்மையாகி உண்மை பரபரப்பாகிவிடுகிறது. ஒரு பெயரும் ஒரு குறியும் செய்யும் மாயம் இது. எங்கள் பிள்ளைகளை உட்காரவைத்து இதைக் காட்ட எத்தனை ஆசிரியர்களுக்குத் துணிவு உண்டு? பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்ற அச்சத்தில், மாவுக் கட்டிக் கதையைக் கற்பிப்பவர்கள் தஞ்சாவூர்க் கதையைக் கற்பிக்க மாட்டார்கள். ஆனால் ஒருவன் நம்ப விரும்பாத செய்தியைச் சந்தேகிப்பதற்குப் பயிற்சி தேவையில்லை. நம்ப விரும்பும் செய்தியைச் சந்தேகிப்பதற்கே பயிற்சி தேவை.

எங்கள் பத்திரிகைகள் எரிக்கப்பட்டன, எங்கள் ஊடகவியலாளர்கள் சுடப்பட்டனர். அவர்களைச் சந்தேகிக்கப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது துரோகம் அல்லவா என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். 1981இல் யாழ்ப்பாணத்தில் ‘ஈழநாடு’ எரிக்கப்பட்டதையும், 2000 ஒக்டோபரில் நிமலராஜன் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டதையும், 2006 மே மாதம் ‘உதயன்’ காரியாலயத்துக்குள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றதையும் நான் மறந்தவனல்லன். அதனாற்றான் சொல்கிறேன். துப்பாக்கிக்கு நடுவில் அலைந்து விசாரித்து எழுதப்பட்டதற்கும், பிறர் தளத்திலிருந்து வெட்டி ஒட்டித் தலைப்பில் ‘அதிர்ச்சி’ சேர்க்கப்பட்டதற்கும் வேறுபாடு தெரியாத வாசகர் கூட்டத்தை வளர்ப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

பிள்ளைகள் தாமாகவே பழகிக் கொள்வார்கள் என்பாரும் உளர். 2018இல் நடந்த பீசா ஆய்வின்படி, மறைமுகமான குறிப்புகளைக் கொண்டு உண்மையையும் கருத்தையும் பிரித்தறிய வல்ல பதினைந்து வயதினர், வளமிக்க ஓஈசீடீ நாடுகளிலேயே பத்தில் ஒருவருக்கும் குறைவு. நூலகமும் கணினியும் குறைவற்ற நாடுகளின் நிலை அது.

இதற்குப் புதிய பாடநூல் வேண்டியதில்லை. சுற்றறிக்கைக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரே நாளின் மூன்று பத்திரிகைகளை, கூடுமானால் மும்மொழியிலும், மேசையில் விரித்தால் போதும். எந்தச் செய்தி எந்தப் பத்திரிகையில் முன்பக்கத்துக்கு வந்தது, எதில் காணாமற் போயிற்று என்று பார்க்கட்டும். செய்தியின் உருவில் வந்திருக்கும் விளம்பரத்தைக் கண்டுபிடிக்கட்டும். தனியார் கல்வி நிறுவனங்களின் ‘சாதனைச் செய்திகள்’ அதற்கு நல்ல தீனி. தலைப்பை மறைத்துவிட்டுச் செய்தியை வாசித்து, தாமே ஒரு தலைப்பிட்டு, பத்திரிகையின் தலைப்போடு ஒப்பிடட்டும்.

இன்னொன்றும் செய்யலாம். எங்கள் பத்திரிகை ஆசிரியர்கள் தமக்கென வகுத்துக்கொண்ட ஒழுக்கக் கோவை, தவறான செய்தியை விரைந்தும் உரிய முக்கியத்துவத்துடனும் திருத்தவேண்டும் என்கிறது. 2003இல் நிறுவப்பட்ட பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு என்ற அமைப்பும் உண்டு. உயர்தர மாணவர்களின் கையில் ஓர் அடிமட்டத்தைக் கொடுங்கள். பிழையான செய்தி எந்தப் பக்கத்தில், எத்தனை சென்ரிமீற்றர் அகலத்தில் வந்தது, அதன் திருத்தம் எந்தப் பக்கத்தில், எத்தனை சென்ரிமீற்றரில் வந்தது என்று ஒரு தவணை முழுவதும் அளந்து அப்பியாசக் கொப்பியில் குறிக்கட்டும். தவணை முடிவில் அந்தக் கணக்கைப் பாடசாலைக் கடிதத்தாளில் எழுதி, அதிபரின் கையொப்பத்தோடு ஆசிரிய பீடத்துக்கு அனுப்பி வைக்கட்டும். பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினராக அந்தப் பத்திரிகை ஆசிரியரையே அழைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.