சோற்றுக் கோப்பையும் கச்சான் சரையும்

சோற்றை விட்டால் மெலியலாம் என்ற பேச்சு எங்கள் உரும்பிராய் ஒழுங்கைகளுக்குள்ளும் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் நியாண்டர் செல்வன் 'பேலியோ' என்ற பெயரில் பரப்பிய உணவுமுறையைக் கைத்தொலைபேசியில் படித்துவிட்டுத் தொடங்கிய சிலரை எனக்குத் தெரியும். "எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது முக்கியமில்லை, மாச்சத்தை விட்டால் போதும்" என்கிறார்கள். இந்த இரண்டாவது பாதியில் உண்மை உண்டு. முதற்பாதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

காலையில் பிட்டு, மதியம் சோறு, இரவு இடியப்பம் அல்லது பாண் என்று மூன்று வேளையும் மாச்சத்தையே உண்பவர்கள் நாங்கள். அதில் பாதியை எடுத்துவிட்டு மீனும் முட்டையும் கீரையும் வைத்தால் வயிறு நிறைகிறது, பசியும் பிந்துகிறது. தாம் அறியாமலே குறைவாக உண்கிறார்கள், மெலிகிறார்கள். செம்மண் தோட்டத்தில் துலா மிதித்து வெங்காயத்துக்கு நீர் இறைத்த காலத்தில் அந்தச் சோற்றுக்கு வேலை இருந்தது. இன்று இயந்திரம் இறைக்கிறது. கோப்பையின் அளவு மட்டும் மாறவில்லை.

முதல் வாரத்தில் தராசு காட்டும் 2 கிலோவை நம்பி மகிழ்பவர்களுக்கு ஒரு சொல். நம் உடல் சுமார் 400 முதல் 500 கிராம் வரை கிளைக்கோஜனைச் சேமித்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்திருக்கும். மாச்சத்தை நிறுத்தியதும் முதலில் கரைவது இதுதான். வெளியேறியதில் பெரும்பகுதி நீர். மறுபடி சோறு உண்டால் அதுவும் மறுபடி வந்து சேரும்.

இனிக் கலோரிக் கணக்கு. (பேச்சில் நாம் கலோரி என்பது கிலோகலோரியைத்தான்.) ஒரு கிராம் காபோவைதரேற்றிலும் ஒரு கிராம் புரதத்திலும் 4 கலோரி, கொழுப்பில் 9. 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 130 கலோரி. மாச்சத்துக் குறைவு என்று மாலையில் கொறிக்கும் கச்சானில் 100 கிராமுக்கு 570 வரை! சோறாகப் பார்த்தால் அது 400 கிராமுக்கும் மேல். தேங்காய்ப்பூவில் 100 கிராமுக்கு 350 அளவில். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் 120. சோற்றை விட்டுவிட்டுக் கட்டிப்பாற் கறியும் பொரியலும் கச்சானுமாக இருப்பவருடைய நிறை இரண்டாம் மாதம் அசையாமல் நிற்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

2018இல் வெளியான ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கொழுப்பையும் மற்றவர்களுக்கு மாச்சத்தையும் குறைக்கச் சொன்னார்கள். கலோரியை எண்ணச் சொல்லவில்லை. சீனியையும் தீட்டிய மாவையும் தவிர்த்து மரக்கறி நிறைய உண்ணும்படி இரு பிரிவினருக்கும் சொன்னார்கள். ஓர் ஆண்டின் முடிவில் சராசரியாக 5.3 கிலோவும் 6.0 கிலோவும் குறைந்தன. பெரிய வேறுபாடு இல்லை. இரு பிரிவிலும் சிலர் மிக மெலிந்தனர். சிலர் நிறை கூடினர். தன்னால் நெடுநாள் கடைப்பிடிக்க முடிந்த வழியைத் தேர்ந்தவர் பிழைத்தார் என்றே நான் இதை வாசிக்கிறேன்.

மாணவிகளே, இந்தக் கணக்கு உங்களுக்காக எழுதியது அல்ல. "கொஞ்சம் மெலிஞ்சால்தான் நல்ல இடம் வரும்" என்று யாரோ ஒரு மாமி சொன்னதற்காகக் காலைச் சாப்பாட்டை விட்டு, இரண்டாம் பாடவேளையிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எலும்பும் இரத்தமும் வளரும் வயதில் இரும்பும் கல்சியமும் புரதமும்தான் முதலில் வேண்டியவை. அந்த மாமிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர்.

தாய்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ சிலவகைக் குளிசைகளோ எடுப்பவர் மருந்தைப் பழைய அளவிலேயே எடுத்துக்கொண்டு சோற்றைத் திடீரென நிறுத்தினால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழவும் கூடும். சோற்றைக் குறைக்கும் எண்ணம் இருந்தால் அடுத்த கிளினிக் நாளில் கொப்பியுடன் அதையும் சொல்லுங்கள். மருந்தின் அளவை வைத்தியர் முதலில் மாற்றட்டும். கோப்பையைப் பிறகு மாற்றலாம்.